செம்பனைக்குள் திசை தப்புவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஆண்டு மழை நாள்களில் ஒரு காலை, என் அம்மா புற்றுக்காளான் தேடி வீட்டுக்குப் பின்னாலுள்ள செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள் போனார். எட்டு மணிக்குப் போனவர் பதினொன்றரைக்குத்தான் வெளியே வந்தார். காலெல்லாம் சேறு, வாளியில் ஒரு காளானும் இல்லை. போன பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக, லோரிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு சாலைக்கு வந்திருக்கிறார். அவருக்கு 68 வயது. அதே மண்ணில் பால்மரம் (ரப்பர்) நின்ற காலத்தில் 27 ஆண்டுகள் பால் வெட்டியவர். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "எனக்குப் புத்தி மழுங்கிருச்சாம்மா?"

அதற்குப் பதில் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்திலுள்ள எங்கள் ஊரான பெஸ்தாரி ஜெயாவில் (எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) விஷயம் பரவியதும், கோவிலிலும் சாப்பாட்டுக் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஆளாளுக்கு நிறுத்திக் கேட்டார்கள். பலரிடம் இதே மாதிரி ஒரு கதை இருந்தது. வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அத்தனை வருஷம் புழங்கின இடம். அங்கேயே எப்படி டீச்சர் வழி தப்பும்?

அம்மா புழங்கிய இடம் இப்போது இல்லை. நிலம் அதேதான், இடம் வேறு. பால்மரத்துக்கு முகம் உண்டு. ஒவ்வொன்றிலும் வெட்டுத் தழும்பு ஒரு விதம். ஒன்றில் பட்டை புடைத்திருக்கும், ஒன்று காற்றுக்குச் சாய்ந்திருக்கும், ஒன்றின் வேரில் யாரோ வெற்றிலை துப்பிய கறை இருக்கும். அம்மா தன் நிரையிலுள்ள மரங்களை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்வார்.

செம்பனையை அப்படிச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே சமயத்தில் நட்டவை, ஒரே உயரம். மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டு நட்டால் ஒரு ஹெக்டருக்கு ஏறத்தாழ 143 மரம் வரும். வளர்ந்த தோட்டத்தில் மட்டைகள் மேலே கோத்துக்கொண்டு வானத்தையும் மறைத்துவிடும். இந்தக் காட்சி நம் வட்டாரத்துக்கு நூறு வயதைத் தாண்டியது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்கே, தென்னமரம் தோட்டத்தில்தான் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் தொடங்கப்பட்டது. செம்பனைக்குத் தொட்டில் கட்டிய தோட்டத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழில். எனக்கு அதில் எப்போதும் ஒரு பிரியம்.

கண்ணு முன்னால ஆயிரம் மரம் நிக்குது. அடையாளமே இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?

கண்ணுக்குத் தேவை பொருள்களின் எண்ணிக்கை கிடையாது, வேற்றுமைதான். பாலைவனத்தில் ஒன்றும் இல்லாததால் திசை தெரியாது. செம்பனையில் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால் தெரியாது. இரண்டிலும் கண் தோற்பது ஒரே காரணத்தால்: "இதைத்தான் சற்று முன் பார்த்தேன்" என்று சுட்ட எதுவும் இல்லை.

செம்பனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மரங்களைச் சதுரமாக நடுவதில்லை, முக்கோணமாக நடுகிறார்கள். மூன்று மரத்தைக் கோட்டால் இணைத்தால் மூன்று பக்கமும் சமமாக வரும். அதனால் ஒரு மரத்தடியில் நின்று பார்த்தால் நேர் வரிசை ஒன்று தெரியும். 60 பாகை திரும்பினால் அதே மாதிரி இன்னொன்று. மறுபடி 60 பாகை திரும்பினால் மூன்றாவது. வடிவத்தில் மூன்றும் ஒன்றே. காளானுக்காகக் குனிந்து, நிமிர்ந்து, மட்டைக் குவியலைச் சுற்றிக்கொண்டு மறுபடி "நேர் வரிசைக்கு" வரும்போது, அது முன்பு நடந்த வரிசைதானா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அம்மாவுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஒருமுறை வரிசை மாறினாலே போதும், நூறு மீட்டரில் வேறு உலகம்.

நேராத்தான் நடந்தேன், ஆனா கிளம்பின இடத்துக்கே வந்துட்டேன்னு என் மச்சான் சொல்றாரு. உண்மையாவே மனுஷன் வட்டமடிப்பானா?

அடிப்பான். உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை.

2009இல் யான் சௌமன் என்பவரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜெர்மனியில், டூபிங்கன் நகரிலுள்ள மக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள். பீன்வால்ட் என்ற பெரிய, சமதளமான காட்டில் ஆறு பேரை விட்டு, "ஒரே திசையில் நேராக நடங்கள்" என்றார்கள். போன தடம் முழுவதையும் ஜிபிஎஸ் கருவி பதிந்தது. நால்வர் நடந்தது மேகம் மூடிய நாளில். நால்வருமே வட்டமடித்தார்கள். அவர்களில் மூவருக்கு, தங்கள் பழைய தடத்தை மறுபடி மறுபடி குறுக்கே கடந்தும் அது தெரியவில்லை. மற்ற இருவரும் வெயில் தெரிந்த நாளில் நடந்தவர்கள். அவர்களின் பாதை கிட்டத்தட்ட நூல் பிடித்ததுபோல் இருந்தது. அந்த நேர்ப்பாதையிலும் முதல் 15 நிமிடம், சூரியன் இன்னும் மேகத்துக்குள் இருந்த நேரம், கோணல்தான்.

துனிசியாவின் தெற்கே சகாராவிலும் மூவரை நடக்க வைத்தார்கள். பகலில் நடந்த இருவர் கொஞ்சம் விலகினார்கள், ஆனால் வட்டமடிக்கவில்லை. இரவில் நடந்தவர் நிலா தெரிந்தவரை நேராகப் போனார். நிலா மேகத்துக்குள் மறைந்ததும் பல தடவை திரும்பி, வந்த திசைக்கே நடக்கத் தொடங்கிவிட்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தவர்களிடம் வட்டம் இன்னும் சுருங்கியது: சில வட்டங்களின் குறுக்களவு 20 மீட்டர்தான். நம் செம்பனையில் அது மூன்று மரத்துக்குள் அடங்கிவிடும்.

அம்மா போன காலையில் வானம் ஈயத்தட்டுபோல் மூடியிருந்தது. இதைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒரு காலு நீளம், ஒரு காலு கட்டைன்னா அந்தப் பக்கமா சாய்வோமாமே?

இல்லை. அந்தக் குழுவினர் அதையும் பார்த்தார்கள். ஒரே ஆள் ஒரு தடவை இடப்பக்கமும் அடுத்த தடவை வலப்பக்கமும் விலகினார். கால் நீளத்தோடு சம்பந்தம் இல்லை.

அப்ப உள்ளுக்குள்ள என்னதான் நடக்குது?

காதுக்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றுக்குள் இருக்கும் நீர் பின்தங்கும். அதை வைத்து உடல் "திரும்புகிறோம்" என்று அறிகிறது. ராட்டினத்தில் சுற்றி இறங்கினால் தலை கிறுகிறுப்பது இதனால்தான். ஆனால் மெதுவாகத் திரும்பினால் அந்த நீருக்கு ஒன்றும் உறைக்காது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஓர் எட்டுக்கு ஒரே ஒரு பாகை விலகுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் காலும் உணராது, காதும் உணராது. எட்டுக்கு 60 சென்டிமீட்டர் என்றால், 60 எட்டில் 36 மீட்டர், அதாவது நான்கு மரம். அதற்குள் 60 பாகை திரும்பிவிட்டோம். மேலே சொன்ன முக்கோணத்தை நினைத்துப் பாருங்கள்: 60 பாகை திரும்பினால் கண்முன் தெரிவது புறப்பட்டபோது பார்த்த அதே காட்சி!

மூளைக்குள்ளும் ஒரு திசைகாட்டி உண்டு. 1984இல் ஜேம்ஸ் ராங்க் என்பவர் எலிகளின் மூளையில், தலை ஒரு குறிப்பிட்ட திசையைப் பார்க்கும்போது மட்டும் துடிக்கும் செல்களைக் கண்டார். இந்தத் திசைச் செல்கள் காந்தத்தை வைத்து வேலை செய்வதில்லை. கண்ணில் படும் அடையாளத்தில் தங்களைக் கட்டிக்கொள்கின்றன. அடையாளத்தை நகர்த்தினால் அவையும் நகரும். விளக்கை அணைத்தால் சிறிது நேரம் தாக்குப்பிடித்து, பிறகு மெல்ல மெல்லத் தடம் விலகும். உள்ளே இருக்கும் கடிகாரத்தை அடிக்கடி கோவில் மணிக்குத் திருத்துவதுபோல, கண் அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். திருத்த எதுவும் இல்லாத இடத்தில் சின்னச் சின்னப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வட்டமாகின்றன.

2005இல் நார்வேயில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் இன்னொரு வகைச் செல்களைக் கண்டறிந்தார்கள்; 2014இல் ஜான் ஓகீஃபோடு சேர்ந்து நோபெல் பரிசும் பெற்றார்கள். எலி ஒரு தரையில் திரியும்போது ஒரு செல் எங்கெங்கே துடிக்கிறது என்று புள்ளி வைத்தால், புள்ளிகள் சமபக்க முக்கோணங்களாக வரிசைகட்டி நிற்கின்றன. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நான் செம்பனைத் தோட்டத்தின் வரைபடம் என்றே நினைத்தேன். மூளை இடத்தை அளக்கப் போடும் கட்டமும், தோட்டக்காரன் மரம் நடப் போடும் கட்டமும் ஒன்று.

புகைமூட்டத்துல மோட்டார் ஓட்டுறப்ப கண்ணு ஏமாத்துற மாதிரி இருக்கே?

இருக்கிறது என்பது மட்டுமல்ல, ஆபத்தும் அதுதான். 2005 ஆகஸ்டில் கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, புகைமூட்ட அவசரகாலம் அறிவித்தார்களே, அந்த நாள்களை நினைத்துக்கொள்ளுங்கள். தொலைவிலுள்ள பொருள் மங்கலாகத் தெரியும் என்பது கண்ணுக்குப் பழகிய பாடம். புகையில் பக்கத்திலுள்ளதும் மங்குவதால், முன்னால் போகும் லோரி உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். நெருங்கிய பிறகுதான் பிரேக் பிடிப்போம்.

இன்னொன்று: பார்க்க எதுவுமே இல்லாத வெற்று வெளியில் கண்ணின் வில்லை தொலைவில் நிலைகொள்ளாது. தானாகவே கிட்டத்துக்கு, ஒரு மீட்டர் அளவில், வந்து ஓய்ந்துவிடும். வெறித்துப் பார்த்துக்கொண்டே இருப்போம், ஆனால் தூரத்தில் வருவது தெரியாது. அதனால் பார்வையைச் சாலையோரக் கோட்டுக்கும் முன்வண்டியின் விளக்குக்கும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

ராத்திரி தோட்டத்துல கொள்ளிவாய்ப் பிசாசு அசையறத என் தாத்தா கண்ணால பார்த்திருக்காரு. அதுவும் கண்ணோட வேலைதானா?

தாத்தா பார்த்தது எது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் கும்மிருட்டில் ஒற்றை விளக்கை உற்றுப் பார்த்தால், அசையாத விளக்கு அசைவதாகத் தோன்றும். பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாததால் எது நகர்கிறது என்று மூளைக்குத் தெரிவதில்லை. 1799இல் தெனரீஃப் தீவின் மலையில் நின்ற ஹம்போல்ட் என்ற பெரிய இயற்கை அறிஞரே, நட்சத்திரங்கள் ஊசலாடுவதாக எழுதி வைத்தார். அது வானத்தில் நடப்பதல்ல, கண்ணில் நடப்பது என்று பின்னால் வந்தவர்கள்தான் காட்டினார்கள்.

முனி வழி மறைச்சிருச்சுன்னு பெரியவங்க சொல்வாங்களே, அதெல்லாம் சும்மாவா?

இந்தக் கேள்வியைச் சிலர் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நான் சிரிக்கவில்லை. மலாய்க்காரர்கள் ஓராங் புனியான் என்பார்கள், நாம் முனி என்போம், அனுபவம் ஒன்றே. நேராக நடந்தவன் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தால், யாரோ வழியை மடக்குகிறார்கள் என்றுதான் மனம் சொல்லும். என் பாட்டி சொன்ன விதி இது: "முனி மறைச்சா ஓடாதே. அந்த எடத்துலயே உக்காரு, வெத்தலை போடு, வெளிச்சம் வரட்டும்." காணாமல் போனவர்களைத் தேடிப் போகிறவர்கள் இன்று சொல்வதும் இதுவேதான். பாட்டிக்குக் காரணம் வேறாக இருந்தது. மருந்து சரியாக இருந்தது. தோட்டத்து எல்லையில் சூலம் நட்டு, சிவப்புத் துணி கட்டிய முனியாண்டி கோவில் எத்தனை பேருக்குத் திசை காட்டியிருக்கும் என்றும் நினைத்துக்கொள்வேன்.

மரத்துல பாசி வடக்குப் பக்கம் இருக்கும், துருவ நட்சத்திரம் வடக்கைக் காட்டும்னு பாடத்துல படிச்சோமே?

குளிர்நாட்டுப் பாடம் அது. நம் ஈரத்தில் பாசி மரத்தைச் சுற்றிலும் ஏறும். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்கு மூன்று பாகை மேலேதான்; மரத்துக்கும் மூட்டத்துக்கும் பின்னால் போய்விடும்.

உச்சிவெயிலையும் நம்ப வேண்டாம். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேராகத் தலைக்குமேல் வந்துவிடும், நிழல் காலடியில் விழும். உச்சி என்பதும் நம் கடிகாரத்தில் 12 மணி அல்ல, ஏறக்குறைய 1.15. தீபகற்பத்தின் நேரத்தை 1982இல் அரை மணி முன்னே நகர்த்தியதை மறந்து, 12 மணி நிழலை வைத்துத் திசை பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நம்பக்கூடியவை: காலை பத்து வரைக்கும் மாலை நான்குக்குப் பிறகும் உள்ள சூரியன். இரவில், திருவாதிரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்கள். அவை கிட்டத்தட்ட நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் விழும். தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதி) என்றால், கூரைமேல் உள்ள ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டுகளைப் பாருங்கள்: எல்லாம் வானத்தை அண்ணாந்து, மேற்கே சற்றுத் தெற்காகச் சாய்ந்திருக்கும்.

எங்க ஆயா இன்னமும் "தெக்கால தள்ளி உக்காரு"ன்னுதான் சொல்லும். அதுல ஏதாச்சும் இருக்கா?

நிறைய இருக்கிறது. 1990களில் எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் ஆராய்ந்தபோது, கிராமத்துத் தமிழர் பொருள்களை வடக்கு, தெற்கு என்றும், நகரத்துத் தமிழர் இடது, வலது என்றும் சொல்வதைக் கண்டார். மொழி ஒன்றுதான், பழக்கம் வேறு. "தெக்கால" என்று பேசுகிறவர் எந்நேரமும் மனத்துக்குள் திசையைக் கணக்கு வைத்திருக்க வேண்டும். இடது, வலது என்பதோ நம்மோடு சேர்ந்தே சுற்றும். தொலைந்தவனுக்கு அது உதவாது. ஆயாவோடு பிள்ளைகளைப் பேச விடுங்கள்.

ஆனால் ஒன்று. மேற்கு என்பதில் "மேல்", கிழக்கு என்பதில் "கீழ்" இருக்கிறது, ஏனென்றால் தமிழ்நாட்டில் மலை மேற்கே, கடல் கிழக்கே. சிலாங்கூரில் இது தலைகீழ்: மலைத்தொடர் கிழக்கே, கடல் மேற்கே. ஊர்ப் பழக்கத்தில் "தண்ணி ஓடுற பக்கம் கிழக்கு" என்று நினைத்தால் நேர் எதிராகப் போய்ச் சேருவீர்கள்.

இது படிக்காதவங்க, வயசானவங்களுக்கு வர்ற பிரச்சினைதானே?

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டுவதற்குப் பயிற்சி பெறாத 20 விமானிகளுக்கு வெளிப்பார்வையை மறைத்துச் சோதித்தார்கள். இருபது பேரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு எடுத்த நேரம் சராசரியாக 178 நொடி. படிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வயதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். செம்பனைக்குள் தவறுவது வேறு. சந்தையிலிருந்து வீட்டுக்கு, நாற்பது கடையும் பெயர்ப்பலகையும் உள்ள பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது வேறு. இரண்டாவது நடந்தால் அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போங்கள். மறதி நோய் முதலில் தாக்கும் பகுதிகளில் ஒன்று, மேலே சொன்ன முக்கோணச் செல்கள் இருக்கும் பகுதி. அம்மாவையும் கூட்டிப்போனேன். டாக்டர் நினைவாற்றல் சோதனை செய்துவிட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்.

கைப்பேசி இருக்கையில எதுக்கு இவ்வளவு?

கொண்டு போங்கள், நல்லது. இருக்கும் இடத்தை வீட்டுக்கு அனுப்பலாம், 999ஐ அழைக்கலாம். ஆனால் வரைபடத்தில் புள்ளி சரியாக இருந்தாலும், நின்றபடி பார்த்தால் அம்புக்குறி தவறாகக் காட்டலாம். அது கைப்பேசிக்குள் உள்ள காந்தமானியை நம்புகிறது. காந்தம் வைத்த உறை, பக்கத்து மோட்டார் சைக்கிள் எதுவும் அதைத் திருப்பிவிடும். இருபது எட்டு நடந்து, புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்த பிறகு நம்புங்கள்.

சரி, உள்ள மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்?

முதலில் நில்லுங்கள். "கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்ற எண்ணம்தான் வட்டத்தின் தொடக்கம். தண்ணீர் குடியுங்கள். சத்தம் கேளுங்கள்: லோரி, பாங்கு, கோவில் ஒலிபெருக்கி, நாய்.

பிறகு, குலை வெட்டுகிறவர்கள் தள்ளுவண்டி ஓட்டும் பாதையைத் தேடுங்கள். இரண்டு வரிசைக்கு இடையே மட்டையை அடுக்கியிருந்தால், அடுத்த இடைவெளி பெரும்பாலும் பாதையாக இருக்கும். அந்தப் பாதையில் ஏறியபின் எதற்காகவும் வரிசை தாண்டாதீர்கள், மட்டைக் குவியலைக் கடக்காதீர்கள். பாதை கோணலாகத் தெரிந்தாலும் உங்கள் மனத்தைவிட அது நேரானது. வெட்டிய குலை வெளியே போயாக வேண்டும் என்பதால், அது லோரி வரும் ரோட்டில்தான் முடியும். போகும்போதே மரத்தை எண்ணுங்கள். இருபது மரம் என்றால் 180 மீட்டர். பாதையே இல்லையென்றால், ஒரே கோட்டில் தெரியும் மூன்று மரத்தைக் குறிவைத்து நடங்கள்: முதல் மரத்தை அடையும்போது நான்காவதைக் கோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழையும்போதே செய்ய வேண்டியதும் உண்டு. பத்து மரத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். திரும்பி வரும்போது கண்ணில் படப்போவது அந்தக் காட்சிதான், போகும்போது பார்த்தது அல்ல. இருட்டிவிட்டால் நடக்க வேண்டாம். பாட்டி சொன்னபடி உட்காருங்கள்.

அம்மா இப்பவும் காளானுக்குப் போறாங்களா டீச்சர்?

போகிறார். பழைய சிவப்புச் சேலை ஒன்றைக் கிழித்து, கையகலத் துண்டுகளாக வாளியில் வைத்திருக்கிறார். பத்து மரத்துக்கு ஒன்றாக, மட்டைக் காம்பில் தன் கண் உயரத்துக்குக் கட்டிக்கொண்டு போய், வரும்போது அவிழ்த்துக்கொண்டு வருகிறார். போன வாரம் ஒரு துண்டை மட்டும் அவிழ்க்காமல் விட்டுவிட்டு வந்தார். கேட்டதற்கு, "அந்த மரத்தடியிலதான் புத்து இருக்கு, அது அங்கேயே இருக்கட்டும்" என்றார்.